ஒரு போனுக்கு ஒரு ஓட்டு

1. முதல் நாள்

நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே, எங்கள் வெப்சைட்டில் குடியிருப்பில் இருக்கிற ஆட்களைவிட ஓட்டு அதிகமாக விழுந்திருந்தது.

எங்கள் குடியிருப்பு மூக்கண்டப்பள்ளிக்குப் பக்கத்தில், தொழிற்பேட்டை மதிலை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் மாடி வீடுகள், சொந்தக்காரர்கள். பின்பக்கம் வரிசை வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே அடுத்தடுத்து வாடகைக் குடும்பங்கள், எல்லாரும் கம்பெனி ஆட்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நலச்சங்கம். அந்தச் சங்கத்துக்கு ஒரு வெப்சைட், பெயர் 'கைதூக்கு'. தெருவிளக்கு போடுவதிலிருந்து ஆண்டு விழாச் சாப்பாடு வரைக்கும் எதுவானாலும் அதில் கேள்வியாகப் போட வேண்டும். மக்கள் ஓட்டுப் போட வேண்டும். எந்தப் பக்கம் அதிகமோ அதைச் சங்கம் செய்ய வேண்டும். மாதாமாதம் கூட்டம் போட்டு, தொண்டை வற்றக் கத்தி, நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்து அலுத்த பிறகு கண்டுபிடித்த வழி இது.

அந்த சைட்டுக்கு நான்தான் அட்மின். அதற்கு முன்னால் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனேன். வாழ்க்கையில் பாதியை 'ரிஜெக்ட்' என்று சொல்லியே கழித்தவள். வீட்டில் சும்மா இருந்தால் சட்னியையும் ரிஜெக்ட் செய்து, கடைசியில் தன்னையும் ரிஜெக்ட் செய்துவிடுவேன் என்று பயந்து, என் வீட்டுக்காரரே சங்கத்தில் பேசி இந்த வேலையில் என்னைத் தள்ளிவிட்டார்.

சைட்டைக் கட்டியவர் நாகராஜ். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறவர், வீட்டில் கன்னடம். சங்கத் தலைவர் முனியப்பா. எங்கள் குடியிருப்பு இருக்கிற இடமே ஒரு காலத்தில் அவருடைய கொள்ளுக் காடு. நிலத்தை விற்றாலும் அதன்மேல் நடக்கிறவர்களை விற்கவில்லை என்பது மாதிரி எல்லாரையும் அதட்டுவார். மனசு மட்டும் வெல்லம்.

முதல் கேள்வி, காலி இடத்தில் ஷட்டில் கோர்ட் போடுவதா, கைப்பந்து மைதானம் போடுவதா என்பது. நான் போய் உட்கார்ந்தபோது முனியப்பா ஸ்கிரீனைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார்.

"ஏம்மா ஸ்டெல்லா, பாத்தியா? ஜனங்களுக்கு என்னா ஆர்வம்!"

"அண்ணே, கைக்குழந்தை, மாடு, கோழி எல்லாத்தையும் சேத்தாக்கூட நம்ம லேஅவுட்ல இத்தனை ஓட்டு வராது."

அவர் முகம் தொங்கிவிட்டது. நாகராஜ் தலையைச் சொறிந்தார். விசாரித்ததில், ஷட்டில் ஆடும் ஆள் ஒருவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார். "கம்பெனி பஸ்ல போறப்ப வேற என்ன வேலை மேடம்? அத்திப்பள்ளி போற வரைக்கும் அமுக்கிக்கிட்டே போனேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. நாகராஜ் வழி சொன்னார். ஓட்டுப் போடுமுன் போன் நம்பரைக் கொடுக்க வேண்டும், அந்த நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் ஓட்டு. ஒரு நம்பருக்கு ஒரு தடவைதான். முனியப்பா எழுந்து நின்று, "ஒரு போனுக்கு ஒரு ஓட்டு. முடிஞ்சுது கதை" என்று மேசையைத் தட்டினார். கூட்டமே கைதட்டியது. திருட்டு ஓட்டுக்கு அன்றோடு பூட்டுப் போட்டாயிற்று.

2. என் தொண்டை ஊரெல்லாம் கேட்டது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கம் மாநில எல்லை, ஒருத்தர் வீட்டில் பேசுவது ஒரு பாஷை, படித்தது ஒன்று, சண்டை போடுவது இன்னொன்று. தெலுங்கில் கொஞ்சுகிறவர் தமிழில்தான் பேப்பர் படிப்பார். பெங்களூர் பக்கமிருந்து வந்த மருமகளுக்குக் கன்னட எழுத்து மட்டும்தான் தெரியும். சைட்டை மூன்று பாஷையில் போட்டோம். அப்படியும் சில பேர், "அம்மா, இதுல என்ன எழுதியிருக்குது?" என்று போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார்கள்.

நாகராஜிடம் சொன்னேன். "எழுதினது போதும் நாகராஜு. பேச வை."

"யார் மேடம் பேசறது? கம்ப்யூட்டர் குரல் போடலாமா?"

"கம்ப்யூட்டர் தமிழ் பேசறது, வாயில வெத்தலை போட்டுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்குது. நானே பேசறேன்."

கேள்வியைத் தமிழில் நான் பேசினேன், கன்னடத்தில் நாகராஜின் மனைவி, தெலுங்கில் முனியப்பாவே. ஸ்பீக்கர் படத்தை அமுக்கினால் கேள்வி கேட்கும். ஓட்டு விழுந்ததும், "உங்கள் ஓட்டு பதிவாகிவிட்டது, நன்றி" என்று வரும். நான் இன்ஸ்பெக்ஷன் டேபிளில் பேசிய அதே கறார்க் குரல். ஒரே வாரத்தில் பிள்ளைகள் எல்லாம் என்னைத் தெருவில் பார்த்தால் மூக்கால் பேசி, "உங்கள் ஓட்டு பதிவாகிவிட்டது" என்று கத்திவிட்டு ஓடினார்கள். காய்கறி வண்டிக்காரர்கூட மீதிச் சில்லறையைக் கையில் வைத்து அதையே சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிஜத்தைச் சொன்னால் உச்சி குளிர்ந்துவிட்டது.

3. ரத்தினம்மா வந்தார்

ஒரு நாள் மத்தியானம் சங்க அறைக்கு ரத்தினம்மா வந்தார். வரிசை வீட்டில் குடியிருப்பவர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா. வீட்டுக்காரர் சீனிவாசன் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலைக்காரர். ரத்தினம்மா பேசினால் பாதி வார்த்தையைக் கை பேசும்.

"அக்கா, எனக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில வேலை கெடச்சுருச்சு! அசெம்பிளி லைன். இன்டர்வியூல பொடிப் பொடி ஸ்க்ரூவை எடுத்து மாட்டச் சொன்னாங்க. நான் மாட்டுன வேகத்தைப் பாத்து அந்த மேடம் எந்திரிச்சு வந்து பாத்தாங்க."

"அடி சக்கை! எப்ப சேரணும்?"

"ஒண்ணாந் தேதி. ஆனா தண்ணிதான் அக்கா கழுத்தறுக்குது."

விஷயம் இதுதான். மாடி வீடுகளில் தரைக்கடியில் சம்ப் தொட்டி இருக்கிறது. தண்ணீர் எப்போது திறந்தாலும் தானாக நிரம்பும். வரிசை வீடுகளில் சம்ப் கிடையாது. சங்கத்து போர்வெல் தண்ணீரைக் காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள். திறந்தால் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்க ஆள் வேண்டும். ரத்தினம்மாவின் கம்பெனி பஸ் காலை ஆறுக்கே வந்துவிடும். சீனிவாசனுக்கும் முதல் ஷிஃப்ட் விழுகிற வாரத்தில் வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

"சாயங்காலம் ஆறு மணிக்குத் தொறந்தா நான் வந்து புடிச்சுக்குவேன் அக்கா. காலைலயே தொறந்தா இந்த வேலைக்கு நான் போவ முடியாது. தண்ணி இல்லாத வூட்டுல பிள்ளைங்களை எப்பிடி வெக்கிறது?"

"இதுக்குத்தானே கைதூக்கு இருக்குது. கேள்வியா போடு."

விதிப்படி பத்து வீட்டார் ஆதரவு இருந்தால் யாரும் கேள்வி போடலாம். அவர் அரை நாளில் பத்து வீட்டைப் பிடித்து வந்தார். அத்தனை வீட்டிலும் சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு பெண்கள் சரி சொல்லியிருக்கிறார்கள். முனியப்பாவும், "எனக்கு சம்ப் இருக்குது. ஜனங்க எப்ப சொன்னாலும் வால்வைத் தொறக்கச் சொல்றேன்" என்றார். கேள்வி ஏறியது. தண்ணீர் காலை ஏழா, சாயங்காலம் ஆறா?

ஓட்டு முடிந்தது. காலை ஏழு, நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தது.

4. சாம்பிள் ஒத்துப்போகவில்லை

குவாலிட்டியில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்போர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும், பெட்டியைத் திறந்து நாலு பீஸைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன். சாயங்காலம், சாயங்காலம், சாயங்காலம். காலையில் அடுப்பைப் பார்ப்பதா, குடத்தைப் பார்ப்பதா என்றார்கள். ஒருத்தி மட்டும் காலை என்றாள். அவளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிற வேலை. இத்தனை பேர் சாயங்காலம் என்றால் காலை எப்படி ஜெயிக்கும்?

"நீங்க ஓட்டுப் போட்டீங்களாடி?"

"எங்கிட்ட ஏதுக்கா போன்?" என்றாள் ஒருத்தி. "அது அவருகூட கம்பெனிக்குப் போயிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. கம்பெனிக்குள் லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆக, வரிசை வீடுகளின் போன்கள் எல்லாம் பகல் முழுக்க லாக்கரில் தூங்குகின்றன. வீட்டில் தண்ணீர் பிடிக்கிறவளுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ஒரு போனுக்கு ஒரு ஓட்டு என்றோமே, அந்த ஓட்டு போனோடு பஸ் ஏறிப் போய்விட்டது!

சரி, ஆம்பளைகள் ஏன் காலை என்று அமுக்கினார்கள்? மாலை பஸ் நிறுத்தத்தில் சீனிவாசனைப் பிடித்தேன். சாது மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"லிங்க் வந்தப்ப பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தோம் மேடம். எல்லாரும் காலைன்னு அமுக்குனாங்க. நானும் அமுக்கிட்டேன்."

"எதுக்கு காலை?"

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "சாயங்காலம் தண்ணி வந்தா நாங்க வூட்டுல இருப்போம்ல மேடம்? கொடம் எங்க கைக்கு வந்துரும்."

நிறுத்தமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பொங்கினால் அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த ஆளும் காலைதான் அமுக்கியிருக்கிறார்! எங்கள் வீட்டில் சம்ப் இருக்கிறது. "சும்மா, இருக்கறது இருக்கட்டுமேன்னு" என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறிப்போன காபிதான்.

ரத்தினம்மா சீனிவாசனோடு பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். என்னிடம் வந்தபோது கண் சிவந்திருந்தது.

"விடுங்கக்கா. வேலைக்கு வரலைன்னு கம்பெனிக்குச் சொல்லிடறேன்."

"ஒண்ணாந் தேதி வரைக்கும் வாயைத் தொறக்காத" என்றேன். என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

5. முனியப்பாவோடு மல்லுக்கட்டு

"அண்ணே, ரிசல்ட் ரிஜெக்ட்" என்றேன்.

முனியப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏம்மா, நீ என்ன பேசற? ஜனங்க ஓட்டுப் போட்டாச்சு, எண்ணியாச்சு, போர்டுல ஒட்டியாச்சு. உனக்குப் புடிக்கலைன்னு திருப்பி எண்ணுவியா? நாளைக்கு எனக்குப் புடிக்கலைன்னா நான் திருப்பி எண்ணச் சொல்லுவேன். அப்புறம் எவன் இந்த சைட்டை மதிப்பான்?"

"எண்ணுனதுல தப்பில்லண்ணே. அளக்கற கேஜே தப்பு. தண்ணி புடிக்கறவங்க ஒருத்தருமே ஓட்டுப் போடல."

"கேஜை நீதான் மாத்துவியா? நான்தான் மாத்துவேனா? அந்த விதிக்கு ஊரே கை தட்டுச்சு. மாத்தணும்னா ஊரே மாத்தட்டும்."

கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். நாகராஜ் வீட்டு வாசல்வரை போனதும்தான் புரிந்தது, மனுஷன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் அட்மின். நானே பட்டனைத் தட்டி ரிசல்ட்டை அழித்தால், பஸ்ஸில் அமுக்கிக்கொண்டே போன ஷட்டில் ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஊரே மாத்தட்டும் என்றாரே, அதையே கேள்வியாகப் போட்டால் என்ன? நாகராஜிடம் சொன்னேன். "ஓட்டு போனுக்கா, ஆளுக்கா? இதான் கேள்வி. ஆளுக்குன்னு ஜெயிச்சா பதினெட்டு வயசு ஆன எல்லாருக்கும் தனித்தனி ஓட்டு. தண்ணிக் கேள்வியையும் மறுபடி கேக்கணும். ரெண்டையும் பச்சையா எழுதிடு, அப்புறம் யாரும் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக் கூடாது."

நாகராஜ் உதட்டைப் பிதுக்கினார். "பேடா மேடம், வேண்டாம். இந்தக் கேள்விக்கு ஓட்டுப் போடறது யாரு? இப்ப இருக்கற விதிப்படி போன் வெச்சிருக்கறவங்கதான். அவங்க கையில இருக்கற ஓட்டைப் பங்கு போட்டுக் குடுக்கலாமான்னு அவங்களையே கேக்கறீங்க."

"ஆமா. வேற வழி இருக்குதா?"

இல்லை. முனியப்பாவிடம் போனோம். கேள்வியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, "இது ஞாயம்" என்றார். "தோத்துட்டா மறுபடி இங்க வந்து மூக்கைச் சிந்தக் கூடாது, சொல்லிட்டேன்."

6. பஸ் நிறுத்தத்தில் ஒப்பட்டு

செய்தியைக் கேட்டதும் ரத்தினம்மா எழுந்துவிட்டார். அழுத முகமே காணாமல் போய்விட்டது. அன்று மாலையே குழாயடிப் பெண்கள் எல்லாரும் அவர் வீட்டு வாசலில் கூடினார்கள். புருஷன் தூங்கும்போது போனை எடுத்து அமுக்கிவிடலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். இன்னொருத்தி, விரல் ரேகை வேண்டுமே, தூங்குகிறவர் விரலைப் பிடித்துவிடலாம் என்றாள். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ரத்தினம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"திருட்டு ஓட்டு வேணாம். நேராவே கேப்போம். நம்ம வூட்டு ஆம்பளைங்கதானே, என்ன கடிச்சா வுடுவாங்க?"

ஓட்டு நாளன்று முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ்கள் வந்து நிற்கிற நேரத்துக்கு நிறுத்தத்தில் ஒரு மேசை. மேசைமேல் தூக்குத் தூக்காக ஒப்பட்டு, அதாவது எங்கள் பக்கத்துப் போளி, சூடாக, நெய் மணக்க. பெண்கள் வரிசையாக நின்றார்கள். முனியப்பா அங்கே வந்தவுடன் கண்ணை உருட்டினார்.

"ஏம்மா ஸ்டெல்லா! பலகாரம் குடுத்து ஓட்டு வாங்கறது தப்பு. இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

நான் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். "அண்ணே, ஓட்டுப் போட்டவங்களுக்கு ஒப்பட்டு. எந்தப் பக்கம் போட்டாங்கன்னு யாரும் கேக்க மாட்டோம். எங்களுக்கு எதிரா போட்டாலும் ஒண்ணு உண்டு."

அவர் யோசித்தார். மேசையைப் பார்த்தார். "நான் காலைலயே ஓட்டுப் போட்டுட்டேன்" என்று கையை நீட்டினார்.

பஸ் வந்தது. ஆம்பளைகள் இறங்கி, மனைவிமார் கூட்டமாக நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்கள். என்னவோ விபத்து என்று நினைத்து ஒருவர் பதறி ஓடிவந்தார். ரத்தினம்மா மேசைமேல் ஏறவில்லை, மைக் பிடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே குரலை உயர்த்திப் பேசினார்.

"எல்லாரும் கேளுங்க. உங்க போனை யாரும் புடுங்கல. உங்க ஓட்டு உங்களுக்கே இருக்கட்டும். எங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுங்க, அவ்ளோதான். கொடம் தூக்கறது நாங்க. எப்ப தூக்கறதுன்னு எங்களைக் கேட்டா என்ன கொறைஞ்சுரும்?"

கொடம் கைக்கு வரும் என்று சிரித்த ஆள்கூடச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் முதலில் யார் என்ன செய்கிறார்களோ மற்றவர்களும் அதையே செய்வார்கள் என்று போன தடவையே பார்த்தாயிற்று.

பின்னாலிருந்து சீனிவாசன் வந்தார். கேட் லாக்கரிலிருந்து எடுத்து வந்த போன் கையிலேயே இருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, அமுக்கினார். சைட் என் குரலில் நன்றி சொன்னது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சத்தமாகப் பேசியதை நான் கேட்டேன்.

"டேய், போன வாட்டி நான் உங்களைப் பாத்து அமுக்குனேன். யோசிக்கவே இல்ல. எங்க வூட்டுல யோசிக்கறது அவ. அவளுக்கு ஓட்டு இல்லாம எனக்கு மட்டும் என்னாத்துக்குடா? அமுக்குங்கடா. இல்லைன்னா இன்னிக்கும் எனக்குச் சோறு கெடையாது!"

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ரத்தினம்மா பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. பிறகு போன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எந்தப் பக்கம் அமுக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. "உங்கள் ஓட்டு பதிவாகிவிட்டது" என்று என் குரல் நாலா பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டது. ஒப்பட்டு தீர்ந்துபோய், தட்டில் ஒட்டிய வெல்லத்தை வழித்தார்கள்.

மாலையில் ரிசல்ட் திறந்தபோது நாகராஜ் இரண்டு தடவை ரெஃப்ரெஷ் செய்தார். ஆளுக்கே ஓட்டு. சந்தேகமே இல்லாத வித்தியாசம். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "நானும் ஆளுக்குத்தான் போட்டேன், சத்தியமா" என்றார். சூடான காபி கொடுத்தேன்.

7. ரகசிய எண்

விதி மாறினால் போதாது, சைட் மாற வேண்டும். ஒண்ணாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நாகராஜ் தன் லீவையெல்லாம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவர் பெயரும் பதிவாகும். ஆளாளுக்கு நாலு இலக்க ரகசிய எண். அதை வைத்து யார் போனிலிருந்தும் ஓட்டுப் போடலாம். போன் கிடைக்காதவர்களுக்குச் சங்க அறையில் ஒரு டேப்லெட்.

கம்ப்யூட்டரில் சரியாக ஓடியது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் பாஸ் என்றேன். நல்ல வேளை. வரிசை வீடுகளில் ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டு நான் தெருமுனை திரும்புமுன் ஒருத்தி வாசலில் நின்று கத்தினாள். "அக்கா! என் நம்பரு மறந்துடும், நீங்க ஞாபகம் வெச்சுக்கங்க!" சொல்லிவிட்டு நாலு இலக்கத்தையும் ராகம் போட்டுச் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி, "என்னுதும்!" என்று தன்னுடையதைச் சொன்னாள். பக்கத்து வீட்டு மாமியார் இரண்டையும் மனப்பாடம் செய்து திருத்திச் சொன்னார்.

நாகராஜ் தலையில் கையை வைத்துக்கொண்டார். எண்ணை எடுத்துவிட்டுப் படங்கள் வைத்தோம். மாங்காய், சைக்கிள், பூசணி, ஆடு என்று ஒரு கட்டம் நிறையப் படம். அதில் தான் தேர்ந்தெடுத்த மூன்றை வரிசையாகத் தொட வேண்டும். தானே தேர்ந்தெடுத்ததை யாரும் மறக்கவில்லை, கத்திச் சொல்லவும் இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தண்ணீர்க் கேள்வி மறுபடி ஏறியது. டேப்லெட்டுக்கு முன்னால் சங்க அறை வாசல் தாண்டி வரிசை நின்றது. இடுப்பில் பிள்ளையோடு, கையில் கறிவேப்பிலையோடு, ஒரு அம்மா தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு. திரையில் எண்ணெய் படிந்து படமே தெரியாமல் போய், முனியப்பா தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று முழுக்க அதுதான் தலைவர் வேலை. மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆறு ஜெயித்தது. டியூஷன் எடுக்கிற பெண்ணுக்கு மட்டும் கஷ்டம் என்பதால், அவள் வீட்டு டிரம்மைப் பக்கத்து வீட்டார் நிரப்பிக் கொடுப்பதாக அங்கேயே பேசி முடித்தார்கள். அதற்கு ஓட்டு எடுக்கவில்லை.

ஒண்ணாம் தேதி காலை, பஸ் நிறுத்தத்தில் ரத்தினம்மா புதுச் சுரிதாரில் நின்றார். பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற பொறுப்பில் சீனிவாசன். அவருக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட், முதல் ஷிஃப்ட் வாரத்துக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். பஸ் கிளம்பியதும் குழாயடிப் பெண்களும் நானும் கை காட்டினோம்.

8. திட்டு

இந்த வேலையில் எனக்கு என்ன புரிந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஓட்டு எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பதற்கு முன், யார் போடவில்லை என்று பாருங்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள், அந்த நேரத்தில் கையில் என்ன வேலை என்று நடந்து போய்ப் பாருங்கள். ஸ்கிரீனில் அது தெரியாது. விதியை மாற்ற வேண்டியிருந்தால், எவ்வளவு நல்லதுக்காக இருந்தாலும், அட்மின் கையால் மாற்றாதீர்கள், ஊரைக் கேளுங்கள். ஊர் நாம் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை.

அதோடு இன்னொன்று. சைட் நன்றாக இருக்கிறது என்று பாராட்டுகிறவர்களை நம்பி ஏமாறாதீர்கள். பாராட்டிவிட்டு ஓட்டுப் போடாமல் போகிறவர்கள் நிறையப் பேர்.

ரத்தினம்மா வேலைக்குப் போக ஆரம்பித்து மூன்றாம் மாதம் தெருவிளக்குக் கேள்வி வந்தது. ஓட்டு காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை நாலு மணிக்கு முடியும் என்று போட்டிருந்தோம். நாலரை மணிக்கு சங்க அறைக் கதவு தடாரென்று திறந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் பை, மூச்சு வாங்க ரத்தினம்மா.

"ஏனக்கா, என்ன நெனச்சுக்கிட்டு டைம் வெச்சீங்க? என் பஸ் நாலேகாலுக்குத்தான் வருது! நான் லைன்ல இருக்கறப்ப ஓட்டை முடிச்சா நான் எப்பிடிப் போடறது? எங்க பஸ்ல மட்டும் எத்தனை பேரு இருக்கோம் தெரியுமா? இது என்ன ஞாயம்?"

எதிரில் முனியப்பா உட்கார்ந்திருந்தார். ஊரையே அதட்டுகிற மனுஷன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ கஸ்டமர் திட்டு வாங்கியிருக்கிறேன். இதைப்போல இனித்த திட்டு ஒன்று கிடையாது. நாலு மாதத்துக்கு முன்னால் 'விடுங்கக்கா' என்று கண் கலங்கி நின்ற பெண், தன் ஓட்டு எங்கே என்று என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறாள்!

"என்னாக்கா, திட்டிக்கிட்டிருக்கேன், நீங்க சிரிக்கறீங்க?"

"நீ திட்டு தாயி, நீ திட்டு" என்றேன்.

அந்த ஓட்டை நான் மறுபடி திறக்கவில்லை, முடிந்தது முடிந்ததுதான். ரத்தினம்மா அங்கேயே உட்கார்ந்து, ஓட்டு இரவு எட்டு மணிவரை இருக்க வேண்டும் என்று புதுக் கேள்வி எழுதினார். பத்து வீட்டார் ஆதரவுக்கு அலையவில்லை. பஸ்ஸிலேயே கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.